ரீரைட்டபிள் சிடி கம்ப்யூட்டர்ல ஓடுது, கார்ல ஓட மாட்டேங்குது: ஏன், என்ன பண்ணலாம்

கேட்டிருக்கறது இது தான். பழைய கார், கம்பெனியே போட்டுக் குடுத்த சிடி செட், கூடவே வீட்ல ஒரு பழைய டிஸ்க்மேன், அதாவது கையில தூக்கிட்டுப் போற சிடி பிளேயர். ரீரைட்டபிள், அதாவது அழிச்சு அழிச்சு எழுதற டிஸ்க்ல பாட்டு ஏத்திப் போட்டா கம்ப்யூட்டர்ல அருமையா ஓடுது, கார்ல போட்டா கொஞ்ச நேரம் உள்ள என்னமோ பண்ணிட்டு "நோ டிஸ்க்"னு காட்டி வெளிய தள்ளிடுது, டிஸ்க்மேன்ல ஒரு நேரம் பாடுது ஒரு நேரம் பாடல. டிஸ்க் மட்டமா, செட் போயிடுச்சா, இல்ல ஏத்தின விதமே தப்பான்னு கேட்டிருக்கீங்க தம்பி.

மூணுமே காரணமா இருக்கலாம், ஆனா மூணுக்கும் அடியில ஒரே விஷயம் தான் இருக்கு, வெளிச்சம். ரீரைட்டபிள் டிஸ்க் லேசர் வெளிச்சத்தை ரொம்பக் கம்மியா தான் திருப்பி அனுப்பும். இது அந்த டிஸ்க்கோட பிறவிக் குணம், எந்த பிராண்ட் வாங்கினாலும் அப்படித் தான். அதனால நாம பண்ற எல்லா வேலையும் அந்த கம்மி வெளிச்சத்தை வச்சு செட் எப்படியாவது படிச்சுக்கட்டும்னு வழி விடறது தான், செட்டாலயே முடியலன்னா எந்த சாஃப்ட்வேராலயும் முடியாது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

கடையில காசு குடுத்து வாங்கற ஒரிஜினல் ஆடியோ சிடி இருக்குல்ல, ஃபேக்டரியில அச்சு அடிச்சது, அது மேல விழுற வெளிச்சத்துல 70 சதவீதமாவது திரும்பி வரணும்னு தான் ஸ்டாண்டர்டு. ஒரு தடவை மட்டும் எழுதற சிடி-ஆர் கிட்டத்தட்ட அதே அளவு வந்துடும், 65க்கு மேல. ரீரைட்டபிள் மட்டும் 15ல இருந்து 25 சதவீதம். அதாவது மூணுல ஒரு பங்கு தேறினாலே பெருசு. 1982ல சிடி மார்க்கெட்டுக்கு வந்தப்ப பிளேயரை டிசைன் பண்ணவங்க மனசுல இருந்தது அந்த 70 தான். ரீரைட்டபிள் கடைக்கு வந்தது 1997 வாக்குல. நடுவுல பதினஞ்சு வருஷமா உலகம் பூரா வித்த பிளேயர் எதுக்கும் இப்படி ஒரு டிஸ்க் வரும்னே தெரியாது, மங்கின வெளிச்சத்தைப் பார்த்ததும் உள்ள டிஸ்க்கே இல்லன்னு முடிவு பண்ணிடும்.

ஏன் கம்மியா இருக்குன்னா, எழுதற பொருளே வேற. சிடி-ஆர்ல சாயம், அதுக்குப் பின்னாடி வெள்ளியோ தங்கமோ கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, லேசர் அந்த சாயத்தை சூடாக்கி நிரந்தரமா மாத்திடும். ரீரைட்டபிள்ல சாயம் கிடையாது, வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் நாலும் கலந்த ஒரு உலோகக் கலவை. அதை லேசர் 500-700 டிகிரிக்கு சூடு பண்ணி உருக்கி டக்குன்னு ஆற விட்டா அந்த இடம் ஒழுங்கில்லாத நிலையில உறைஞ்சு மங்கலாகிடும், 200 டிகிரி வாக்குல பதமா சூடு பண்ணா மறுபடி படிகமாகி கொஞ்சம் பளிச்சுன்னு ஆகிடும், இது தான் அழிக்கறது. இப்படி ஒரு ஆயிரம் தடவை எழுதி அழிக்கலாம்னு சொல்றாங்க. டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்க, சிடி-ஆர் பச்சையாவோ தங்கமாவோ நீலமாவோ இருக்கும், ரீரைட்டபிள் ஒரு மாதிரி கருஞ்சாம்பல் கலர்ல மங்கலா இருக்கும். அந்த மங்கல் தான் உங்க பிரச்சனை.

இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, எழுதின இடத்துக்கும் எழுதாத இடத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் போதுமான அளவு இருக்கு, மொத்த அளவு தான் கம்மி. சாயங்காலம் லைட் போடாம பேப்பர் படிக்கற மாதிரி, எழுத்து அழியல, கண்ணு தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்கணும். செட்டுக்குள்ள அந்த வேலையைப் பண்றதுக்கு ஆட்டோமேட்டிக் கெயின் கண்ட்ரோல்னு ஒரு சர்க்யூட், வர்ற சிக்னல் சின்னதா இருந்தா அதை மூணு நாலு மடங்கு பெருசாக்கிக் குடுக்கும். இது இருந்தா ரீரைட்டபிள் ஓடும், இல்லன்னா ஓடாது, அவ்ளோ தான் சூட்சுமம். கம்ப்யூட்டர் டிரைவுக்கு 1997லயே மல்டிரீட்னு ஒரு ஸ்டாண்டர்டு கொண்டு வந்துட்டாங்க, அதனால தான் கம்ப்யூட்டர்ல எது போட்டாலும் ஓடுது. கார் செட்டுக்கும் டிஸ்க்மேனுக்கும் அப்படி ஒரு கட்டாயம் வரல, கம்பெனிக்குக் கம்பெனி மாடலுக்கு மாடல் மாறும். பொதுவா எம்பி3 படிக்கற செட்டா இருந்தா ரீரைட்டபிளும் படிக்கறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு, ஏன்னா வீட்ல எழுதின டிஸ்க்கைத் தான் போடுவாங்கன்னு தெரிஞ்சே பண்ண செட் அது. மேனுவல் இருந்தா "சிடி-ஆர்/ஆர்டபிள்யூ"ன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, ஆர்டபிள்யூன்னா ரீரைட்டபிள், சில செட்டுல முகப்புலயே பொடி எழுத்துல போட்டிருக்கும். டிக்கியில ஆறு டிஸ்க் பத்து டிஸ்க் போடற சேஞ்சர் வச்ச பழைய கார்னா ரீரைட்டபிள் நினைப்பையே விட்டுடுங்க.

வேடிக்கை என்னன்னா ஆரம்பத்துல வந்த சில டிவிடி பிளேயர்ல கதை தலைகீழ். டிவிடி லேசரோட அலைநீளம் 650 நானோமீட்டர், சிடி லேசர் 780. சிடி-ஆர்ல இருக்கற சாயம் 780க்குன்னே பண்ணது, 650க்கு அது வெளிச்சத்தை முழுங்கிடும். அதனால ஒரே லேசர் வச்சிருந்த அந்த பிளேயர்கள்ல சிடி-ஆர் ஓடாது, ஆனா ரீரைட்டபிள் ஓடும். அப்புறம் ரெண்டு லேசர் வைக்க ஆரம்பிச்சாங்க, பிரச்சனை தீர்ந்துச்சு. "எங்க வீட்டு டிவிடியில ஆர்டபிள்யூ ஓடுதே, கார்ல மட்டும் ஏன் ஓடல"ன்னு கேக்கறவங்களுக்கு இதைத் தான் சொல்றது, ரெண்டும் வேற வேற ஜாதி மெஷின்.

சரி, உங்க கார் விஷயத்துக்கு வர்றேன். முதல்ல காதை வச்சுக் கேளுங்க. இன்ஜின் ஆஃப், ஏசி ஆஃப், கண்ணாடி ஏத்திட்டு டிஸ்க்கைப் போட்டு செட்டுகிட்ட காதைக் கொண்டு போங்க. டிஸ்க் உள்ள போனதும் லென்ஸ் மேலயும் கீழயும் ஆடி ஃபோகஸ் தேடும், "டிக், டிக்"னு சன்னமா கேக்கும், வெளிச்சம் போதுமான அளவு திரும்பி வந்தா தான் அடுத்த ஸ்டெப், டிஸ்க்கை வேகமா சுத்த விடும், "விர்"ருன்னு சத்தம் ஏறும். அப்புறம் லென்ஸ் நடுப்பக்கம் போய் டிஸ்க்கோட உள் ஓரத்துல இருக்கற பொருளடக்கத்தைப் படிக்கும், எத்தனை பாட்டு, எது எங்க ஆரம்பிக்குதுன்னு எழுதி வச்சிருக்கற இடம் அது. இப்ப உங்க செட் வெறும் "டிக் டிக்" மட்டும் பண்ணிட்டு சுத்தவே சுத்தாம துப்புச்சுன்னா ஃபோகஸே கிடைக்கல, வெளிச்சம் பத்தல, அது டிஸ்க்கோட குணம் இல்லன்னா லென்ஸ் அழுக்கு. நல்லா சுத்தி பத்து செகண்டு தடுமாறி "எரர்"னு வந்தா வெளிச்சம் ஓரளவு ஓகே, பொருளடக்கம் தான் கிடைக்கல, அதாவது நீங்க எழுதின விதத்துல தப்பு, பெரும்பாலும் டிஸ்க்கை மூடாம விட்டிருப்பீங்க. முதல் பாட்டு ரெண்டு நல்லா பாடி பின்னாடி போகப் போக குதிச்சா டிஸ்க் வளைஞ்சிருக்கு, இல்ல எழுதின வேகம் அதிகம். சிடி உள்ளயிருந்து வெளிப்பக்கமா தான் எழுதப்படும், அதனால கடைசிப் பாட்டு எல்லாம் ஓரத்துல இருக்கும், வளைவு ஓரத்துல தான் அதிகமா தெரியும்.

டிஸ்க்மேனும் இதே மாதிரி தான், ஆனா அதுல மூடியைத் திறந்தா லென்ஸ் கண்ணுக்கு முன்னாடியே இருக்கும். மூடி ஸ்விட்சை அமுக்கிட்டு உள்ள எட்டிப் பார்க்கற வேலை மட்டும் வேண்டாம், அந்த 780 லேசர் கண்ணுக்கு சரியா தெரியாது, லேசா ஒரு செக்கச் சிவப்புப் புள்ளி மாதிரி தான் தெரியும், தெரியலன்னு நினைச்சு உத்துப் பார்த்தா பார்வைக்குக் கேடு. காதே போதும்.

அடுத்தது மூணு டிஸ்க் டெஸ்ட். ஒரு ஒரிஜினல் ஆடியோ சிடி, ஒரு சிடி-ஆர், ஒரு ரீரைட்டபிள், மூணையும் அந்த வரிசையில போடுங்க. ஒரிஜினலே தடுமாறினா லென்ஸ் பிரச்சனை, ரீரைட்டபிளைப் பத்திப் பேசவே வேண்டாம். ஒரிஜினலும் சிடி-ஆரும் ஓடி ரீரைட்டபிள் மட்டும் ஓடலன்னா ஒண்ணு செட்டோட லிமிட், இல்ல லேசர் வயசாகி பலம் குறைஞ்சிட்டு வருது. முன்னாடி ரீரைட்டபிள் ஓடிட்டு இருந்து இப்ப நின்னு போச்சுன்னா கண்டிப்பா லென்ஸ் அழுக்கு இல்ல லேசர் தளர்ச்சி, ஏன்னா செட் பலம் குறையறப்ப முதல்ல விழறது ரீரைட்டபிள், அப்புறம் சிடி-ஆர், கடைசியா தான் ஒரிஜினல்.

டிஸ்க் வாங்கறதுல ஒரு சின்ன எச்சரிக்கை. இப்பல்லாம் கடையில "ரீரைட்டபிள் குடுங்க"ன்னா டிவிடி-ஆர்டபிள்யூவை எடுத்து நீட்டிடுவாங்க, ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும். மேல 4.7 ஜிபின்னு போட்டிருந்தா அது டிவிடி, எந்த சிடி செட்டுலயும் ஓடவே ஓடாது. 700 எம்பி அல்லது 80 நிமிஷம்னு இருக்கணும். சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் தேடினா பழைய ஸ்டாக் கிடைக்க வாய்ப்பு இருக்கு. வேகத்தையும் பாருங்க. முதல்ல வந்தது 4எக்ஸ், அதாவது பாட்டு ஓடற வேகத்தை விட நாலு மடங்கு வரைக்கும் எழுதறது, அப்புறம் ஹைஸ்பீடுன்னு 4ல இருந்து 12எக்ஸ், அதுக்கப்புறம் அல்ட்ரா ஸ்பீடு 24எக்ஸ். பழைய ரைட்டர்ல ஹைஸ்பீடு டிஸ்க்கைப் போட்டா எழுதவே எழுதாது, டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டவங்களை நான் பார்த்திருக்கேன். காருக்குன்னா என் சாய்ஸ் 4-12 டிஸ்க், எழுதறது 4எக்ஸ்ல.

இனி எழுதற விதம், பத்துல ஏழு பேர் மாட்டறது இங்க தான்னு தோணுது. விண்டோஸ்ல காலி டிஸ்க்கைப் போட்டதும் ஒரு கேள்வி கேக்கும், இதை யூஎஸ்பி பென்டிரைவ் மாதிரி பயன்படுத்தவா, இல்ல சிடி டிவிடி பிளேயர்ல போடற மாதிரி எழுதவான்னு. நம்ம ஆளுங்க பென்டிரைவ்ங்கற வார்த்தையைப் பார்த்ததும் அதை அமுக்கிடுவாங்க, இழுத்துப் போட்டா போதுமேன்னு. அப்படிப் பண்ணா டிஸ்க் யூடிஎஃப்னு ஒரு முறையில ஃபார்மேட் ஆகும், அதைக் கம்ப்யூட்டர் மட்டும் தான் புரிஞ்சுக்கும், கார் செட்டுக்கு அது வெறும் குப்பை. முன்னாடி எக்ஸ்பி காலத்துல இன்சிடி, டைரக்ட்சிடின்னு சாஃப்ட்வேர் வந்துச்சு, அதுவும் இதே சமாச்சாரம் தான். கண்டுபிடிக்க ஒரு வழி, டிஸ்க்கோட மொத்த அளவைப் பாருங்க, 700 எம்பி டிஸ்க் 570 பக்கம் காட்டுச்சுன்னா அது இப்படி ஃபார்மேட் ஆனது. நீங்க "கம்ப்யூட்டர்ல அருமையா ஓடுது"ன்னு சொன்னதும் எனக்கு முதல் சந்தேகம் இது மேல தான், ஏன்னா இதுல கம்ப்யூட்டர் ஒரு குறையும் சொல்லாது. ஆனா உங்க டிஸ்க்மேன் ஒரு நேரமாவது பாடுதுன்னா டிஸ்க் ஆடியோ சிடியா தான் எழுதியிருக்கு, அதனால உங்க கேஸ்ல இது இல்ல. இதே பிரச்சனையோட வர்ற மத்தவங்க முதல்ல இதைப் பாருங்க.

அழிக்கறதுல குயிக், ஃபுல்னு ரெண்டு இருக்கு. குயிக் எரேஸ் பொருளடக்கத்தை மட்டும் துடைக்கும், பழைய பாட்டு எல்லாம் அப்படியே கிடக்கும், ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஃபுல் எரேஸ் டிஸ்க் பூரா துடைக்கும், 4எக்ஸ்ல 80 நிமிஷ டிஸ்க்குக்கு 20 நிமிஷம் ஆகும். கம்ப்யூட்டருக்கு குயிக் போதும். கார் செட்டுக்கு ஃபுல் தான். புதுசா நாப்பது நிமிஷம் எழுதியிருப்பீங்க, அதுக்கு அந்தப் பக்கம் பழைய சிக்னல் அரைகுறையா கிடக்கும், பாட்டு தாண்டித் தாண்டிப் போறப்ப லென்ஸ் கொஞ்சம் தள்ளிப் போய் அங்க விழுந்துச்சுன்னா பழைய செட் குழம்பிப் போகும். டீ குடிக்கற நேரம் தான், பொறுமையா ஃபுல் குடுங்க.

அப்புறம் ஆடியோ சிடியா எழுதுங்க. நீரோ இருந்தா அதுலயே "ஆடியோ சிடி"ன்னு தனி ப்ராஜெக்ட் இருக்கும், இல்லன்னா சிடிபர்னர்எக்ஸ்பி, இம்க்பர்ன் மாதிரி இலவசமா கிடைக்கறது இருக்கு, விண்டோஸ் மீடியா பிளேயர்லயே பர்ன் டேப்ல "ஆடியோ சிடி"ன்னு தேர்ந்தெடுத்தாலும் போதும், லினக்ஸ்காரங்களுக்கு கே3பி. எம்பி3 ஃபைலை இழுத்துப் போட்டா சாஃப்ட்வேரே அதை விரிச்சு 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் ஆடியோவா மாத்தி எழுதும், நிமிஷத்துக்கு 10 எம்பி வாக்குல இடம் புடிக்கும், 80 நிமிஷத்துக்கு மேல ஏறாது. எழுதற முறையில "டிஸ்க் அட் ஒன்ஸ்"னு இருக்கறதைப் போடுங்க, "ட்ராக் அட் ஒன்ஸ்" வேண்டாம். முதல் முறையில லேசர் ஆரம்பிச்ச இடத்துல இருந்து முடியற வரைக்கும் அணையாம ஒரே மூச்சுல எழுதும், ரெண்டாவதுல பாட்டுக்குப் பாட்டு நின்னு நின்னு எழுதும், அந்த ஒட்டுப் போட்ட இடம் பழைய செட்டுக்கு முள்ளு மாதிரி. கச்சேரி ரெக்கார்டிங் ஏத்தறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஆலாபனை தனி ட்ராக், கீர்த்தனை தனி ட்ராக்னு பிரிச்சு வச்சிருப்பீங்க, நின்னு நின்னு எழுதினா நடுவுல ரெண்டு செகண்டு மௌனம் விழும், கைதட்டல் பாதியில அறுந்து அடுத்த ட்ராக்ல மறுபடி ஆரம்பிக்கும், கேக்கவே எரிச்சலா இருக்கும். டிஸ்க் அட் ஒன்ஸ் போட்டு ட்ராக் நடுவுல இடைவெளியை சைபர் ஆக்கிட்டா சரியாகிடும்.

கடைசியில டிஸ்க்கை மூடறது, சாஃப்ட்வேர்ல "ஃபைனலைஸ்" அல்லது "க்ளோஸ் டிஸ்க்"னு இருக்கும், அந்த டிக்கை எடுத்துடாதீங்க. மூடாத டிஸ்க்ல பொருளடக்கம் சாதா பிளேயர் தேடற இடத்துல இருக்காது, எழுதின ரைட்டருக்கு மட்டும் தான் அது எங்கன்னு தெரியும். "அப்புறமா ரெண்டு பாட்டு சேர்த்துக்கலாம்"னு திறந்து விடறதும் வேண்டாம், ஆடியோ பிளேயர் முதல் செஷனோட, அதாவது முதல் தடவை எழுதின பகுதியோட நின்னுடும், பின்னாடி சேர்த்த எதையும் பார்க்காது. சேர்க்கணும்னா முழுசா அழிச்சு மறுபடி எழுதறது தான், ரீரைட்டபிள் வாங்கினதே அதுக்குத் தானே. சிடி-டெக்ஸ்ட்டுன்னு பாட்டு பேர் காட்டற வசதியை முதல் தடவை ஆஃப் பண்ணி வைங்க, ஓடினதுக்கு அப்புறம் ஆன் பண்ணிப் பார்த்துக்கலாம்.

ஆடியோ சிடி ஓடுதுன்னு உறுதியான அப்புறம் எம்பி3 டிஸ்க்குக்கு ஆசைப்படலாம், செட்டுல எம்பி3ன்னு எழுதியிருந்தா மட்டும். 128 கேபிபிஎஸ் பிட்ரேட்ல, அதாவது ஒரு செகண்டு பாட்டுக்கு 128 கிலோபிட் கணக்குல, 12 மணி நேரத்துக்கு மேல ஒரே டிஸ்க்ல அடங்கிடும், சென்னையில இருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ற வரைக்கும் பாட்டு திரும்ப வராது. டேட்டா டிஸ்க்கா, ஐஎஸ்ஓ 9660ங்கற சிடி ஃபைல் முறையில, கூட நீளமான ஃபைல் பேருக்கு ஜோலியட் சேர்த்து, ஒரே செஷன்ல எழுதி மூடுங்க. பிட்ரேட் 128ல இருந்து 192 வரை, மாறாத பிட்ரேட்டா இருந்தா நல்லது, மாறுற பிட்ரேட் ஃபைல்ல சில பழைய செட் நேரத்தைத் தப்பா காட்டும், சிலது திணறும். ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் செட்டுக்கு செட் ஒரு உச்ச வரம்பு இருக்கும், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு ஆழமா போகாதீங்க. ஐடியூன்ஸ்ல வர்ற எம்4ஏ ஃபைலை எம்பி3ன்னு பேர் மாத்தினா பாடிடும்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க, பாடாது, கன்வெர்ட் தான் பண்ணணும். மேக்ல எழுதினா புள்ளியும் அடிக்கோடும் வச்சு ஆரம்பிக்கற சின்னச் சின்ன மறைவு ஃபைல் கூடவே போகும், செட் அதையும் ஒரு பாட்டுன்னு எண்ணி ஒவ்வொண்ணுலயும் நின்னு நின்னு போகும்.

ஃபைல் பேர் விஷயம் தனியா சொல்லணும். தமிழ்ல பேர் வச்சா பெரும்பாலான பழைய செட் கேள்விக்குறியோ கோடோ தான் காட்டும், பாடறதுல பிரச்சனை இல்ல, எது என்ன பாட்டுன்னு மட்டும் தெரியாது, அதனால இங்கிலீஷ்ல வைங்க, முன்னாடி 01, 02ன்னு நம்பர் போடுங்க, இல்லன்னா வரிசை கலைஞ்சிடும். நெட்ல இருந்து இறக்கின பாட்டுல முதல்லயே அந்த சைட்டோட பேர் தான் இருக்கும், கார் செட்டுல எட்டு எழுத்துக்கு தான் டிஸ்பிளே, நூறு பாட்டுக்கும் ஒரே சைட் பேர் ஓடிட்டு இருக்கும், அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கிட்டே திருச்சி வரைக்கும் ஓட்டணும். ஃபைலுக்குள்ள ஒட்டி வச்சிருக்கற பெரிய சைஸ் ஆல்பம் படத்தையும் எடுத்துடுங்க, பழைய செட் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதைத் தாண்ட திணறும்.

டிஸ்க்மேனுக்கு வர்றேன், "ஒரு நேரம் பாடுது ஒரு நேரம் பாடல"ன்னு சொன்னது எனக்கு நல்ல சேதி, ஏன்னா அது விளிம்புல நிக்குது, கொஞ்சம் கை குடுத்தா தாண்டிடும். முதல்ல பேட்டரி. சார்ஜ் பண்ற பேட்டரி 1.2 வோல்ட், சாதா ஆல்கலைன் 1.5, ரெண்டு செல் போடற மெஷின்ல 3 வோல்ட்டுக்குப் பதிலா 2.4 தான் போகுது, அதுவும் சார்ஜ் இறங்கின பேட்டரின்னா மங்கின டிஸ்க்ல ஃபோகஸ் புடிக்கவே திணறும். புது ஆல்கலைன் போட்டுப் பாருங்க, அடாப்டர்னா வோல்டேஜும் ப்ளஸ் மைனஸும் மெஷின்ல எழுதியிருக்கற படியே இருக்கணும், கையில கிடைச்சதை சொருகி போர்டை எரிச்சவங்க நிறைய. அடுத்து ஆன்ட்டி-ஷாக் ஸ்விட்ச். அதை ஆன் பண்ணா பாட்டை முன்கூட்டியே மெமரியில சேர்த்து வைக்க டிஸ்க் ரெட்டிப்பு வேகத்துல சுத்தும், குலுங்கினாலும் பாட்டு நிக்காது, ஆனா மங்கின டிஸ்க்கை வேகமா சுத்திப் படிக்கறது இன்னும் கஷ்டம். ரீரைட்டபிளுக்கு அதை ஆஃப் பண்ணிட்டு மேஜையில வச்சுக் கேட்டுப் பாருங்க, பாடுச்சுன்னா லென்ஸ் சுத்தம் பண்ற வேலை மட்டும் தான் பாக்கி.

லென்ஸ். நம்ம ஊர் கார்ல லென்ஸ் அழுக்காக மூணு காரணம், ரோட்டுப் புழுதி, சிகரெட், ஊதுபத்தி. மூணாவதை யாரும் யோசிக்கறதில்ல. டாஷ்போர்டு மேல பிள்ளையாரை வச்சு தினமும் காலையில பத்தி கொளுத்தி கண்ணாடியை ஏத்தி விட்டிருப்பாங்க, அந்தப் புகை எண்ணெய்ப் பசையா போய் லென்ஸ் மேல படியும், தூசு மாதிரி ஊதினா போகாது. செட்டைப் பிரிச்சுப் பார்த்தா லென்ஸ் மேல பழுப்பா ஒரு படலம் இருக்கும், பஞ்சுல ஒரு துடைப்பு துடைச்சா அந்தப் பஞ்சே கலர் மாறும். டிஸ்க்மேன்ல இதை நீங்களே பண்ணலாம், காது குடையற பஞ்சுக்குச்சியில ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரே ஒரு சொட்டு, அமுக்காம மெதுவா வட்டமா, அப்புறம் காய்ஞ்ச குச்சியால ஒரு தடவை. நெயில் பாலிஷ் ரிமூவர், சென்ட் எதுவும் கூடாது, லென்ஸ் பிளாஸ்டிக், வெளுத்துப் போயிடும். கார்ல டிஸ்க்கை உள்ள இழுக்கற ஸ்லாட் செட்டுங்கறதால கை போகாது, பிரஷ் வச்ச க்ளீனர் டிஸ்க் கடையில கிடைக்கும், புழுதிக்கு உதவும், பத்திப் புகைக்கு உதவாது, அதுக்கு செட்டைக் கழட்டித் தான் ஆகணும். ஊட்டி கொடைக்கானல் போற கார்ல காலையில மட்டும் பாடலன்னா லென்ஸ்ல பனி படிஞ்சிருக்கும், ஒரு மணி நேரம் விட்டா சரியாகிடும்.

ஒண்ணு மட்டும் பண்ண விடாதீங்க. சில மெக்கானிக்குங்க லென்ஸ் பக்கத்துல இருக்கற சின்ன திருகு மாதிரி ப்ரீசெட்டைத் திருப்பி லேசர் பவரை ஏத்தி விடுவாங்க, அன்னிக்கு ரீரைட்டபிள் கூட சூப்பரா பாடும், "பார்த்தீங்களா சார்"னு காசு வாங்கிட்டு அனுப்பிடுவாங்க. அது லேசரோட ஆயுசைத் தின்னுட்டு பாடறது, கொஞ்ச நாள்ல ஒரிஜினல் கூட பாடாம முழு லென்ஸ் யூனிட்டே மாத்தற நிலை வரும், பழைய செட்டுக்கு அது இப்ப லேசுல கிடைக்காது.

டிஸ்க்கை வெயில்ல விடாதீங்கன்னு சொல்லவே வேண்டாம், ஆனா எல்லாரும் டாஷ்போர்டு மேல தான் வைப்பாங்க. மே மாசம் அங்க கையே வைக்க முடியாது, அந்த சூட்டுல பாட்டு அழியாது, அழிய 200 டிகிரி வேணும்னு மேலயே சொன்னேன், பிளாஸ்டிக் தான் லேசா வளையும், ஏற்கனவே மங்கின டிஸ்க் வளைஞ்சும் போச்சுன்னா செட் கைவிட்டுடும். பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டின டிஸ்க்கை ஸ்லாட் செட்டுல போடவே கூடாது, சூட்டுல பசை இளகி உரிஞ்சு உள்ள மாட்டிக்கும், டிஸ்க்கை எடுக்க செட்டையே பிரிக்கணும். மார்க்கர்ல எழுதுங்க, பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மேல்பக்கம் தான் மெல்லிசு, கீறினா கதை முடிஞ்சது.

என் கருத்தைக் கேட்டா, கார்ல தினமும் ஓட்டறதுக்கு ரீரைட்டபிள் சரிப்படாது. அதை நான் ஒத்திகைக்குத் தான் வச்சுப்பேன், எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, வால்யூம் எல்லாம் சமமா இருக்கா, கச்சேரி எங்க வெட்டணும்னு டிஸ்க்மேன்ல போட்டுப் போட்டுப் பார்த்து திருப்தி ஆனதும் அதே ப்ராஜெக்டை ஒரு சிடி-ஆர்ல எழுதி காருக்கு அனுப்பிடறது. சிடி-ஆர்ல எழுதறப்ப "மெதுவா எழுதினா தான் நல்லது"ன்னு 1எக்ஸ், 2எக்ஸ் தேட வேண்டாம், 52எக்ஸ் டிஸ்க்கோட சாயம் வேகத்துக்குன்னு பண்ணது, 16எக்ஸ் வாக்குல நல்லா பதியும். ஒரு காலத்துல மோசர் பேர் டிஸ்க் பெட்டிக்கடை வரைக்கும் கிடைச்சுது, அந்தக் கம்பெனியே 2018ல கலைக்கற நிலைக்குப் போயிடுச்சு, இப்ப கிடைக்கறதுல பேர் தெரிஞ்ச பிராண்டா பார்த்து வாங்கிக்குங்க.

செட்டுல பின்னாடி ஆக்ஸ், அதாவது வெளி மெஷின் மாட்டற ஓட்டை இருந்தா டிஸ்க்மேனையே ஒரு வயர்ல மாட்டிக்கலாம், கேசட் பொந்து இருந்தா கேசட் அடாப்டர் இருக்கு, இரண்டுமே எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை விட சத்தம் சுத்தமா வரும்.

உங்களுக்கு இப்ப வரிசை இது தான் தம்பி. டிஸ்க்மேன் லென்ஸைத் துடைச்சு புது பேட்டரி போடுங்க, டிஸ்க்கை ஃபுல் எரேஸ் பண்ணி 4எக்ஸ்ல டிஸ்க் அட் ஒன்ஸ்ல ஆடியோ சிடியா எழுதி மூடுங்க, டிஸ்க்மேன்ல ஆரம்பத்துல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடுதான்னு பாருங்க. அது ஓடி, கார்ல மட்டும் சுத்தாம துப்புச்சுன்னா ஒரு ஒரிஜினல் சிடியும் ஒரு சிடி-ஆரும் போட்டுப் பாருங்க, ரெண்டும் சுணங்காம பாடினா உங்க கார் செட் ரீரைட்டபிள் படிக்கற ஜாதி இல்ல, சிடி-ஆருக்கு மாறிடுங்க. சிடி-ஆரும் தடுமாறினா செட்டைக் கழட்டி லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்க, ப்ரீசெட்டைத் தொடக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டு குடுங்க.